மூக்குக்குள் இரண்டு வாசல்

கேரளத்திலிருந்து 2024இலும் 2025இலும் அடுத்தடுத்து வந்த செய்திகளைப் படித்தவர்கள் குளத்தில் தலை முழுகுவதற்கே யோசித்திருப்பார்கள். குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குச் சில நாளில் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பிறகு நினைவு தப்புதல். பத்திரிகைகள் ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று எழுதின. அந்த வகை அமீபாக்களில் பேர்போனது நெக்லேரியா ஃபவுலெரி. இதில் மருத்துவ மாணவர்களையும் திடுக்கிட வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்த அமீபா இருக்கும் தண்ணீரைக் குடித்தால் நோய் வருவதில்லை. அதே தண்ணீர் மூக்கில் ஏறினால்தான் ஆபத்து.

காரணம், மூக்கின் கூரை. இரண்டு புருவங்களுக்கு நடுவே, உள்ளே சற்று ஆழத்தில், மூக்கறையையும் மூளையையும் பிரித்து நிற்பது ஒரு மெல்லிய எலும்பு. அதில் பொடிப்பொடித் துளைகள். மணத்தை உணரும் நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியாகவே மேலே ஏறி மூளையின் அடிப்பகுதியைத் தொடுகின்றன. உடலின் மற்ற நரம்பணுக்கள் எல்லாம் தோலுக்கும் தசைக்கும் அடியில் பத்திரமாக இருக்கும்போது, இவை மட்டும் வெளிக்காற்றில் நுனியை நீட்டிக்கொண்டிருக்கின்றன. அமீபா அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு ஏறிவிடுகிறது.

ஆக, மூக்கிலிருந்து மூளைக்கு ஒரு பாதை இருக்கிறது. அது கற்பனை அல்ல. ஒரு செல் உயிரி ஏறிப்போகும் வழியில் ஒரு மருந்து மூலக்கூறு போகாதா என்று மருந்தியலாளர்கள் கேட்பதில் வியப்பில்லை. மூக்கு வழியே தரும் மனச்சோர்வு மருந்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பாதையின் படம்தான் காட்டப்படுகிறது: மூக்கில் ஒரு பீச்சல், அதிலிருந்து மூளைக்கு நேராக ஒரு அம்புக்குறி. மருத்துவமனைகளில் இன்று உண்மையாகவே பயன்படும் மருந்து அந்த அம்புக்குறி வழியே போவதாக யாரும் நிரூபிக்கவில்லை. அது வேறு வாசல் வழியாக நுழைகிறது. இந்த அத்தியாயம் அந்த வேறு வாசலைப் பற்றியது.

முதலில் மாத்திரைக்கு என்ன குறை என்று பார்த்துவிடலாம். விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு சுங்கச்சாவடி. சில மருந்துகளிடம் சில்லறை வாங்கிக்கொண்டு விட்டுவிடும். சிலவற்றிடம் முக்கால் பங்கைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பும். அதைத் தாண்டி மூளையின் வாசலுக்கு வந்தால் அங்கே இன்னொரு காவல். 1880களில் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது உடல் முழுவதும் நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த திரவத்துக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார். இப்போது மூளை நிறம் மாறியது, உடல் மாறவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் வேர்விட்டது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்பதுதான் அந்தத் தடுப்பு.

இதைக் கேட்டதும், மனச்சோர்வு மாத்திரைகள் சரியாக வேலை செய்யாததற்கு இந்தத் தடுப்புதான் காரணம், மூக்கு வழியே கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். பல கட்டுரைகள் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் என்று நம் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டுக்கு விற்கும் மாத்திரைகள் எல்லாம் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள். தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதில் அவற்றுக்குச் சிரமமே இல்லை. முதல் நாளிலேயே, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணுக்கள் மறுபடி உறிஞ்சுவதைத் தடுக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆனாலும் நோயாளியின் மனம் லேசாக வாரக்கணக்கில் ஆகிறது. தாமதம் பயணத்தில் இல்லை. மருந்து போய்ச் சேர்ந்த பிறகு மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் வேகத்தில் இருக்கிறது. மெதுவாக வேலை செய்யும் மருந்தை மூக்கில் பீச்சினாலும் அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இன்னொரு குறை, மாத்திரை எல்லோருக்கும் கேட்பதில்லை என்பது. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஸ்டார்-டி ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதல் மாத்திரையில் நோய்க்குறிகள் முற்றிலும் நீங்கியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது என்று நான்கு படிவரை போனார்கள். ஒவ்வொரு படியிலும் தேறுபவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் மொத்தமாக மூன்றில் இரு பங்கு என்று சொன்னார்கள். அந்தக் கணக்கு, நடுவில் விலகிப்போனவர்களும் தொடர்ந்து நின்றவர்களின் அதே விகிதத்தில் தேறியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு போட்டது. அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படிப் பார்த்தாலும், இரண்டு மருந்துகளை முறையாகச் சாப்பிட்டும் தேறாதவர்கள் பெரிய கூட்டம். அவர்களுக்குத் தேவைப்பட்டது புதிய வழி அல்ல, புதிய மருந்து. மூக்கு வழி பிறகுதான் வருகிறது.

அந்த மருந்து புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அறுவை அரங்கின் அலமாரியில் ஏற்கெனவே இருந்தது.

1962இல் டெட்ராய்ட் நகரின் பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக வேதியியலர் கால்வின் ஸ்டீவன்ஸ் ஒரு சேர்மத்தை உருவாக்கினார். ஃபென்சைக்ளிடின் என்ற மயக்க மருந்து கையில் இருந்தது. ஆனால் அறுவை முடிந்தும் நோயாளிகளை அது நெடுநேரம் பிதற்ற வைத்தது. அதைவிடக் குறைந்த நேரம் வேலை செய்யும் ஒன்று வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் கெட்டமின். 1964இல் எட்வர்ட் டொமினோ என்ற மருந்தியலாளர் அதை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். யாருக்கு? மிச்சிகன் மாநிலம் ஜாக்சன் சிறைச்சாலைக் கைதிகளுக்கு. அந்தக் காலத்தில் அதைத் தன்னார்வம் என்றார்கள்; சிறைக்குள் இருப்பவனின் சம்மதத்தை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அவ்வளவு எளிதாக ஏற்காது. மருந்து ஏறியவர்கள் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது, மூச்சு ஓடியது, ஆனால் கை கால் தம்முடையது அல்ல என்பதுபோல், வெளியில் எங்கோ மிதப்பதுபோல் இருந்ததாகச் சொன்னார்கள். இந்த நிலையை எப்படி அழைப்பது என்று டொமினோ வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி டோனிதான் ‘தொடர்பறுந்த மயக்கம்’ என்ற பொருள்பட ஒரு பெயர் சொன்னார். மருத்துவ நூல்களில் அதுவே நிலைத்தது. 1970இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மூச்சை அடக்காது, ரத்த அழுத்தத்தை வீழ்த்தாது என்பதால் வசதி குறைந்த மருத்துவமனைகளில் இன்றும் இதுதான் கைகொடுக்கிறது.

மனச்சோர்வுக்கு அது கேட்கும் என்ற செய்தி யேல் பல்கலைக்கழகத்திலிருந்து 2000இல் வந்தது. ஆய்வு மிகச் சிறியது. முடிவுவரை நின்றவர்கள் 7 பேர். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடம் டிரிப்பில். மயக்கத்துக்குத் தரும் அளவில் ஒரு துண்டுதான். மூன்று நாளுக்குள் மனநிலை தெளிந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழுவினர், பல மருந்துகள் கேட்காத 18 பேரிடம் அதைத் திரும்பச் செய்தார்கள். மருந்து ஏறியவர்களில் 71 சதவீதம் பேருக்கு ஒரே நாளில் நோய்க்குறிகள் பாதியாகக் குறைந்தன. இதற்குப் பிறகு யாராலும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வாரக்கணக்கு, நாள்கணக்காகிவிட்டது.

கெட்டமின் செரட்டோனினைத் தொடுவதில்லை. மூளையின் முக்கியத் தூண்டல் வேதிப்பொருளான குளூட்டமேட்டைப் பெற்றுக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை அடைக்கிறது. அதன் தொடர் விளைவாக நரம்பணுக்களுக்கிடையே அறுந்த இணைப்புகள் மீண்டும் முளைக்கின்றன என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனிதரில் நடப்பதும் அதேதானா என்பது விவாதத்தில் இருக்கிறது. அதை வேறொரு அத்தியாயத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இப்போது சிக்கல், எப்படிக் கொடுப்பது என்பது. விழுங்கினால் கல்லீரல் தின்றுவிடுகிறது. வாய்வழி கெட்டமினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ரத்தத்துக்கு வந்து சேரும். தசையில் ஊசி போட்டால் 90 சதவீதத்துக்கு மேல். ரத்தநாளத்தில் ஏற்றினால் முழுவதும். ஆனால் வாரம் இருமுறை ரத்தநாளம் தேடி ஊசி குத்தி, பம்ப் வைத்து 40 நிமிடம் ஏற்றுவதற்கு ஒரு மனநல கிளினிக் தயாராக இருக்காது. மூக்கு வழியே கொடுத்தால் சுமார் 45 முதல் 50 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது. ஊசி அளவுக்கு இல்லை. மாத்திரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஊசியும் வேண்டாம்.

மூக்கின் இரண்டாவது வாசல் இதுதான். கூரையில் இருக்கும் நரம்புத் துளைகள் அல்ல. பக்கச் சுவர்களில் இருக்கும் ரத்தக்குழாய்கள். மூக்கறையின் உள்ளே மூன்று மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. அவற்றால் உட்பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அதன் மேல் விரித்திருக்கும் மெல்லிய படலத்தின் அடியில் ரத்தக்குழாய்கள் அடர்ந்து கிடக்கின்றன. உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்குவது அவற்றின் வேலை. அங்கிருந்து கிளம்பும் ரத்தம் கல்லீரல் பக்கம் போகாமல் நேராக இதயத்துக்கு வருகிறது. மூக்குப்பொடி போட்டுப் பழகிய பாட்டனார்களுக்கு இந்த உடலியல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. ஒரு சிட்டிகை ஏறிய சில நிமிடத்தில் நிகோட்டின் தலைக்கு வருவது இதே வாசல் வழியாகத்தான். வலிப்பு வந்த குழந்தைக்கு வீட்டிலேயே மூக்கில் பீச்சச் சொல்லி நம் நரம்பியல் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மிடசோலம் ஸ்பிரேயும் இப்படியே போகிறது.

வாசல் அகலமானது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நாசித்துளை ஒரு தடவைக்கு ஏற்கும் திரவம் 0.1 மில்லிலிட்டர், மிஞ்சிப் போனால் அதன் இரு மடங்கு. அதற்கு மேல் போனால் முன்னால் ஒழுகும், இல்லையென்றால் தொண்டையில் இறங்கும். தொண்டையில் இறங்கியது விழுங்கியதற்குச் சமம். அது மறுபடி கல்லீரலுக்கே போகும். தங்கிய திரவத்துக்கும் நேரம் குறைவு. படலத்தின் மேல் நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கால் மணி, இருபது நிமிடத்தில் பாதி மருந்தைத் துடைத்துவிடும். துளி பெரிதாக இருந்தால் மூக்கின் முன்புறத்திலேயே ஒட்டிக்கொள்ளும், மிகப் பொடியாக இருந்தால் மூச்சோடு நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தக் கணக்கின் சூட்டை நேரடியாக அனுபவித்தார்கள். சாதாரணக் கெட்டமினையே மூக்கு ஸ்பிரேயாக, நோயாளிகள் தாமே பல தடவை பீச்சிக்கொள்ளும்படி வைத்துப் பார்த்தார்கள். 5 பேருக்குப் பிறகு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். பாதி பீச்சிய நிலையிலேயே மருந்து தலைக்கேறி, கை தடுமாறி, மீதியைப் பீச்ச முடியாமல் போனவர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஏறியது என்பதும் கைக்கு வரவில்லை. இதற்கு நேர்மாறாக, நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் 2014இல் நடந்த ஆய்வில் 50 மில்லிகிராம் மூக்கு வழியே பெற்ற 18 பேரில் 8 பேர் ஒரே நாளில் தேறினார்கள். போலி மருந்தில் ஒருவர்தான். ஒரே மருந்து, ஒரே மூக்கு. பீச்சிய விதம் வேறு.

ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி இதற்குக் கண்ட தீர்வு வேதியியலில் இருந்தது. கெட்டமின் உண்மையில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் கலவை. அவற்றில் எஸ்கெட்டமின் என்ற ஒரு பாதி, என்.எம்.டி.ஏ. ஏற்பியை மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு பலமாகப் பிடிக்கிறது. அதை மட்டும் பிரித்தெடுத்தால் குறைந்த அளவே போதும். சிறிய மூக்கில் அடங்கும். 0.2 மில்லிலிட்டரில் 28 மில்லிகிராம் செறிவாகக் கரைத்து, நாசிக்கு ஒன்றாக இரண்டே பீச்சல் வரும் கருவியில் அடைத்தார்கள். 56 மில்லிகிராம் வேண்டுமானால் இரண்டு கருவி, 84 வேண்டுமானால் மூன்று, நடுவே ஐந்தைந்து நிமிட இடைவெளி. அந்த இடைவெளி, முதலில் பீச்சியது உறிஞ்சப்பட்டு இடம் காலியாவதற்கு. பழைய மருந்துக்குப் புதிய காப்புரிமை கிடைப்பதற்கும் இந்தப் பிரிப்பு உதவியது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. ஸ்பிரவாட்டோ என்ற பெயரில் 2019 மார்ச் 5 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தந்தது.

இதை வாங்கி வீட்டில் வைத்துப் பீச்சிக்கொள்ள முடியாது. நோயாளி இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டு வருகிறார், வாந்தி வரலாம். மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே போடுபவர் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். தலையைச் சற்றுச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நாசியை மூடிக்கொண்டு மற்றதில் அவரே பீச்சிக்கொள்கிறார், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க. நாக்கின் அடியில் கசப்பு இறங்குகிறது. 40 நிமிடத்தில் ரத்த அழுத்தம் உச்சிக்குப் போகும். ஏறக்குறைய அதே நேரத்தில் அந்த மிதப்பும். குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வண்டி ஓட்டுவது அடுத்த நாள், ஒரு நல்ல தூக்கத்துக்குப் பிறகு. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரு தடவை, பிறகு வாரம் ஒன்று, அப்புறம் ஆளைப் பொறுத்து வாரம் ஒன்றோ இரு வாரத்துக்கு ஒன்றோ.

இந்த ஏற்பாடு முழுவதிலும் மருந்து ரத்தம் வழியாகப் போகிறது என்ற அனுமானமே இருக்கிறது. கடைசிப் பீச்சலுக்குப் பின் 20 முதல் 40 நிமிடத்தில் ரத்தத்தில் அது உச்ச அளவைத் தொடுகிறது. மிதப்பும் அழுத்தமும் அந்த வளைகோட்டையே பின்தொடர்கின்றன. எஸ்கெட்டமினும் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு. மூளைத் தடுப்பு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ரத்தத்துக்குள் வந்துவிட்டால் மூளைக்கு வந்த மாதிரிதான். ஆகவே இங்கே மூக்கு செய்த உபகாரம், கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போக வைத்தது. அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் அல்ல.

அப்படியானால் கூரையில் இருக்கும் முதல் வாசல்? அதன் வழியே மருந்து செலுத்தும் ஆராய்ச்சி நூற்றுக்கணக்கில் நடக்கிறது, பெரும்பாலும் எலிகளில். எலியின் மூக்கறையில் ஏறக்குறைய பாதிப் பரப்பு மணம் உணரும் படலம். மனிதனில் அது நூற்றில் ஐந்து, பத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் மிக உயரத்தில், குறுகிய இடுக்கில். எலியை மல்லாக்கப் படுக்க வைத்துச் சில துளிகள் விட்டால் மூக்கு முழுவதும் நிறைந்துவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதனின் மூக்கில் பீச்சியது அந்த உயரத்தை எட்டுவதே அபூர்வம்.

விலங்கின் மூக்கைப் பார்த்து மனிதனின் மூக்கைத் தீர்மானித்து ஏமாந்த வரலாறு மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1910களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சைமன் ஃப்ளெக்ஸ்னர், குரங்குகளுக்குப் போலியோ கிருமி மூக்கு வழியே ஏறுவதைக் காட்டினார். மனிதருக்கும் அப்படித்தான் என்று ஒரு தலைமுறையே நம்பியது. மணநரம்பின் வாயிலை ரசாயனத்தால் அடைத்துவிட்டால் போலியோ வராது என்று 1930களில் குரங்குகளில் காட்டினார்கள். 1937இல் கனடாவின் டொரன்டோ நகரைப் போலியோ தாக்கியபோது, சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீச்சினார்கள். போலியோ நிற்கவில்லை. சில குழந்தைகளுக்கு மணம் அறியும் திறன்தான் போனது. சில ஆண்டுகள் கழித்து ஆல்பர்ட் சேபின், போலியோவில் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்துக் கிருமி வாய் வழியே குடலுக்குப் போவதைக் கண்டறிந்தார். பின்னாளில் அவரே வாய்வழிச் சொட்டு மருந்தைத் தந்தார் என்பது நமக்குத் தெரியும். குரங்கு பொய் சொல்லவில்லை. அதன் மூக்குக்கு உண்மையானது நம் மூக்குக்கு உண்மையாக இருக்கவில்லை.

நம் காலத்தில் அதே பாடத்தை இன்சுலின் நடத்தியது. மூக்கு வழியே மருந்து கொடுத்து மூளை நோய்களைக் குணப்படுத்தலாம் என்ற யோசனையை வில்லியம் ஃப்ரே என்ற அமெரிக்கர் 1980களின் இறுதியிலிருந்து சொல்லிவந்தார். 2002இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் யான் போர்ன் குழுவினர் ஆரோக்கியமானவர்களின் மூக்கில் இன்சுலின் உள்ளிட்ட சில சிறு புரதங்களைச் செலுத்தி, முதுகுத்தண்டிலிருந்து எடுத்த திரவத்தில் அவற்றின் அளவு ஏறுவதைக் காட்டினார்கள். ஆக, மனிதனிலும் பாதை மூடியிருக்கவில்லை. ஆனால் போய்ச் சேருவது சொற்பம், அது நோயைத் திருப்பப் போதுமா என்பதே கேள்வி. மறதி நோயின் தொடக்க நிலையில் இருந்த 289 பேரிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வந்தது: ஓராண்டுக்குப் பிறகும் போலி மருந்து பெற்றவர்களிலிருந்து வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் முதலில் கொடுத்த பீச்சும் கருவி அடிக்கடிக் கோளாறு செய்ததால் நடுவிலேயே அதை மாற்ற வேண்டியிருந்தது. மூக்கு ஆராய்ச்சியில் மருந்தைவிடக் கருவி பெரிய தலைவலி.

இத்தனைக்குப் பிறகும் முதல் வாசலைக் கைவிட மனமில்லாததற்கு நியாயம் இருக்கிறது. விழுங்கினால் செரித்துப்போகும், ரத்தத்தில் ஏற்றினால் மூளைத் தடுப்பைத் தாண்டாது என்ற வகைப் புரதத் துண்டுகள் பல உண்டு. அவற்றுக்கு வேறு போக்கிடமே இல்லை. டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஜி.எல்.பி-2 என்ற புரதத் துண்டுக்கு, செல்லுக்குள் நுழையவும் வெளியேறவும் உதவும் வால்களைச் சேர்த்து மூக்கில் விட்டார்கள். சுண்டெலிகளில் மூளைக்குள் நேராக ஊசி போட்டதற்கு ஈடான மனச்சோர்வு எதிர்ப்பு விளைவு கிடைத்தது. அவர்கள் நம்பியிருப்பது மணநரம்பை அல்ல. முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் முந்நரம்பை. அதன் கிளைகள் மூக்கின் பக்கச் சுவர் முழுக்கப் பரவியிருக்கின்றன. மனித மூக்கின் அமைப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்ட யோசனை இது என்பதால் எனக்கு இதில் மற்றவற்றைவிட நம்பிக்கை அதிகம். அறை வெப்பத்தில் திரவமாக இருந்து மூக்கின் சூட்டில் கூழாக உறையும் ஜெல்கள், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் போர்த்திய நுண்துகள்கள் எல்லாம் மயிர்களின் துடைப்பத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றும் முயற்சிகள். இவற்றில் மருந்து வேலை செய்ததற்குச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் எலியைத் தண்ணீரில் விட்டு எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்க்கும் சோதனை. 1977இல் வந்த அந்தச் சோதனையில், கை கால் அடிப்பதை நிறுத்தி மிதக்கும் எலி மனம் தளர்ந்துவிட்டதாகக் கணக்கு. வீணாக நீந்தாமல் மிதப்பதுதான் புத்தி என்று அந்த எலி முடிவு செய்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம்.

எஸ்கெட்டமினுக்குத் திரும்புவோம். அது எவ்வளவு தூரம் கேட்கிறது? ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில் எல்லோருக்கும் ஒரு புதிய மாத்திரை தொடங்கப்பட்டது. பாதிப் பேருக்குக் கூடவே எஸ்கெட்டமின், மற்றவர்களுக்குப் போலி ஸ்பிரே. நான்கு வார முடிவில், 60 புள்ளி அளவுகோலில் இரு குழுவுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 4 புள்ளி. போலி மருந்துக் குழுவே நிறையத் தேறியிருந்தது. அதே காலத்தில் நடந்த வேறு இரண்டு ஆய்வுகள் புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. தேறியவர்களைத் தேறிய நிலையிலேயே வைத்திருப்பதில் முடிவு இன்னும் தெளிவு: மருந்தைத் தொடர்ந்தவர்களில் 26.7 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, போலி ஸ்பிரேக்கு மாற்றப்பட்டவர்களில் 45.3 சதவீதம். 2023இல் ஐரோப்பாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 676 பேரிடம் குயெட்டியாப்பின் என்ற மாத்திரையோடு நேரடியாக மோதவிட்டார்கள். எட்டாவது வாரத்தில் முற்றிலும் தேறியவர்கள் எஸ்கெட்டமினில் 27.1 சதவீதம், மாத்திரையில் 17.6. பிரிட்டனின் நைஸ் அமைப்பு விலையையும் பயனையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அரசு மருத்துவ சேவைக்குப் பரிந்துரைக்க மறுத்தது.

இந்த ஆய்வுகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. போலி ஸ்பிரேயிலும் கசப்புப் பொருள் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் கசப்பை நகலெடுக்கலாம், மிதப்பை எப்படி நகலெடுப்பது? அரை மணியில் உடல் காற்றில் மிதந்தால் தனக்கு நிஜ மருந்து கிடைத்துவிட்டது என்று யாருக்கும் தெரிந்துவிடும். எதிர்பார்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 2023இல் இதற்கு ஒரு குறும்பான வழி கண்டார்கள். வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகள் 40 பேருக்கு, முழு மயக்கத்தில் இருக்கும்போதே கெட்டமினையோ வெறும் உப்புநீரையோ ரத்தநாளத்தில் ஏற்றினார்கள். மிதப்பை உணர ஆளே விழித்திருக்கவில்லை. இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. தனக்குக் கெட்டமின்தான் தந்தார்கள் என்று ஊகித்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். மயக்க மருந்தே கெட்டமினின் வேலையைக் குழப்பியிருக்கலாம் என்று எதிர்வாதம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. இருந்தாலும் அந்த 4 புள்ளியை இப்போது யாரும் பழைய நிச்சயத்தோடு உச்சரிப்பதில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க அமைப்பு இன்னொரு படி போய், கூட மாத்திரை இல்லாமல் தனியாகவே எஸ்கெட்டமின் ஸ்பிரேயைத் தரலாம் என்றது. இதற்கிடையில் அமெரிக்காவில் வேறொரு சந்தை வளர்ந்துவிட்டது. பழைய கெட்டமினைத் தாமே கலந்து மூக்கு ஸ்பிரேயாக்கி, இணையத்தில் டாக்டரிடம் பேசிய கையோடு வீட்டுக்கு அனுப்பும் மருந்தகங்கள். காப்புரிமை மருந்தோடு ஒப்பிட்டால் விலை கொள்ளை மலிவு. ஆஸ்திரேலிய ஆய்வை நிறுத்த வைத்த அதே பிரச்சினை, இப்போது நர்ஸ் இல்லாத படுக்கையறையில். எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது தெரியாது. ரத்த அழுத்தம் ஏறினால் பார்க்க ஆளில்லை. அடிக்கடி பீச்சிப் பழகினால் சிறுநீர்ப்பை புண்ணாகும். 2022 பிப்ரவரியிலும் 2023 அக்டோபரிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதற்காகத்தான் மூக்கைத் தேடிப் போனார்கள். ஊசி போய்விட்டது. ஆஸ்பத்திரி நாற்காலியும் அந்த இரண்டு மணி நேரமும் இன்னும் போகவில்லை. இந்த மருந்தை வைத்துக்கொண்டு அவை போகவும் கூடாது.